உப்பனாற்றில் ஓர் ஆக்கிரமிப்பு

கடலூரில் புயல் வராத வருஷம்கூட உண்டு. ஸ்டீமர் மனு கொடுக்க வராத திங்கட்கிழமை மட்டும் கிடையாது.

நான் மனு வாங்கும் ஆபீஸ் ஒன்றில் குப்பை கொட்டியவன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள இஷ்டமில்லை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கடலூர் போய், திங்கட்கிழமைதோறும் ஜனங்கள் நீட்டும் மனுக்களை வாங்கி, நம்பர் போட்டு, அந்தந்தத் துறைக்கு அனுப்பிவைப்பது என் உத்தியோகம். பட்டா வேண்டும், முதியோர் பணம் வரவில்லை, தெருக்குழாய் பல்லிளிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று காலை எட்டு மணிக்கே வாசலில் க்யூ நிற்கும். அந்த க்யூவில் முதல் ஆளாக, சலவைச் சட்டையும் நகக்கண்ணில் டீசல் கறையுமாக ஒருவர் நிற்பார். அவர்தான் ஸ்டீமர்.

மனுவில் அவருடைய சொந்தப் பெயர் இருக்கும். ஒன்பது வருஷம் அதை நானே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். ஆனால் ஆபீசில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "டேய், ஸ்டீமர் வந்துட்டார், மணி எட்டு" என்று வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். அவ்வளவுதான் அவருக்கு அடையாளம்.

கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் அவர். கெட்டிக்காரர். எஞ்சின் இருமும்போதே எங்கே சளி என்று சொல்லிவிடுவார் என்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்தெல்லாம் ஆள் விட்டு அழைத்துப்போவார்கள். ஆனால் ஓடுகிற படகுகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசியதெல்லாம் ஓடாத ஒரே ஒரு படகைப் பற்றி.

முதல் நாள் இப்படித்தான் ஆரம்பித்தது.

"என்ன மனு?"

"ஸ்டீமர் சார்."

"பேரைச் சொல்லுங்க."

"அது தேஞ்சு போயிடுச்சு சார். நானும் சுரண்டிச் சுரண்டிப் பாத்துட்டேன், ஒரு எழுத்துகூடத் தெரியல."

"யோவ், உங்க பேரைக் கேட்டேன்யா!"

"எம் பேரு எதுக்கு சார்? மனு படகுக்கு."

விஷயம் இதுதான். கடலூரில் பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஒரு காலத்தில் மூட்டைகளைத் தோணிகளில் ஏற்றி, தோணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிறு கட்டி, உப்பனாற்றிலிருந்து முகத்துவாரம் தாண்டிக் கப்பல் வரைக்கும் இழுத்துப்போனது ஒரு நீராவிப் படகு. பிறகு அது ஆற்றிலேயே முழுகிப்போனது. கோடையில் தண்ணீர் வற்றும் நேரம் அதன் கருப்பு முதுகு வெளியே தெரியும். கொக்கு உட்காரும். ஊர்க்காரர்கள் அதைப் "பழைய இரும்பு" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களின் எஞ்சினுக்கு ஸ்டீமர் ஸ்பானரைத் தொட மாட்டார்.

அந்தப் படகில் கரி அள்ளிப்போடும் வேலை பார்த்தவர் சவரிமுத்து என்று ஒருவர். ஸ்டீமரின் பூட்டன். ஒரு புயலில் நடுக்கடலில் சிக்கிய தோணிகளை இழுத்துவர அந்தப் படகு மூன்று முறை போனதாம். மூன்றாவது நடையில் முகத்துவாரத்திலேயே அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. எல்லோரும் குதித்தார்கள். சவரிமுத்து மட்டும் குதிக்கவில்லை. அடுப்பு அணைந்தால் படகு நின்றுவிடும், பின்னால் கட்டியிருக்கிற தோணிக்காரர்களும் போய்விடுவார்கள் என்று கரி போட்டுக்கொண்டே இருந்தார். தோணிகள் கரையில் முட்டின. படகு ஆற்றில் உட்கார்ந்தது. சவரிமுத்து மேலே வரவேயில்லை.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால், ஸ்டீமரின் வாய்தான் ஆதாரம். அவர் அப்பா சொன்னது, அந்த அப்பாவுக்கு அவர் அப்பா சொன்னது. ஆனால் அவர் கேட்டது பிரமாதமாக ஒன்றுமில்லை. படகை யாரும் தொடக்கூடாது, அது கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். கரையில் ஒரு போர்டு வைக்க வேண்டும். அதில் படகு என்ன வேலை செய்தது என்று இரண்டு வரி, சவரிமுத்து பெயர் ஒரு வரி.

"போர்டுதானே, நீங்களே ஒண்ணு எழுதி வெச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று நான் ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"நான் வெச்சா அது எங்க வீட்டுப் போர்டு சார். கவர்மெண்டு வெச்சாத்தான் அது ஊர்ப் போர்டு. நம்ம ஊர்ல கோட்டைக்கு போர்டு இருக்கு, வெள்ளைக்காரன் குடியிருந்த பங்களாவுக்கு போர்டு இருக்கு. கரி அள்ளுனவனுக்கு ஒண்ணுகூட இல்லியே சார்?"

"சரி சரி, அடுத்த ஆளு வாங்க" என்று சொல்லிவிட்டேன். பதில் தெரியாதபோது ஆபீசில் அப்படித்தான் சொல்வோம்.

இப்போது எங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனு எதைப் பற்றியது என்று அதில் ஒரு பட்டியல் இறங்கும். பட்டா, குடிநீர், சாலை, உதவித்தொகை, ஆக்கிரமிப்பு என்று வரிசையாக இருக்கும். ஏதாவது ஒன்றை அமுக்கினால்தான் நம்பர் கொடுக்கும். "முழுகிய படகு" என்று ஒரு வரி அதில் இல்லை. "இதர" என்று ஒன்று இருந்தது. அதை அமுக்கினால் மனு என் மேஜைக்கே திரும்பி வரும். ஆகவே வாராவாரம் மனுவை முழுக்கப் படித்து, எந்தத் துறைக்காவது மனசு இளகாதா என்று யோசித்து ஒன்றை அமுக்குவேன்.

முதலில் மீனவர் நலம் என்று அமுக்கினேன். "மனுதாரரின் படகு இயங்கும் நிலையில் இல்லாததால் டீசல் மானியம் வழங்க இயலாது" என்று பதில் வந்தது. அடுத்து போக்குவரத்து. "மேற்படி வழித்தடத்தில் போதுமான பேருந்துகள் இயக்கப்படுகின்றன." பட்டாவுக்கு அனுப்பியதில், ஆற்றுக்குள் வீட்டுமனை கேட்பது சட்டப்படி குற்றம் என்று ஒருவர் மிரட்டியிருந்தார். பழம்பொருள் பார்க்கிறவர்களுக்கு அனுப்பினேன், கடைசியில் சரியான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று எனக்கே ஒரு குஷி. அவர்கள் எழுதியது: "இடத்தை நேரில் ஆய்வு செய்ய இவ்வலுவலகத்தில் படகு வசதி இல்லை."

ஒவ்வொரு பதிலையும் ஸ்டீமர் நின்றபடியே படிப்பார். கோபமே வராது. மடித்து ரெக்சின் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல சார், படகுன்னு ஒரு வார்த்தை இருக்கு. போன தடவ அதுகூட இல்ல" என்பார். அந்த மனுஷனுக்கு நம்பிக்கை அவ்வளவு ஜாஸ்தி.

மனுவின் மேல் மூலையில் பால்பாயிண்ட் பேனாவால் படகுப் படம் ஒன்று போட்டிருப்பார். முதல் வருஷம் அதன் புகைபோக்கி விரலளவு இருந்தது. வருஷம் ஏற ஏற அதுவும் ஏறியது. ஒன்பதாவது வருஷம் புகைபோக்கி காகிதத்துக்கு வெளியே போய், ஒரு துண்டுத்தாள் ஒட்டி அதில் புகை விட்டிருந்தார்.

நான் அந்த மனுவைச் சத்தமாகப் படித்து செக்ஷன் முழுக்கச் சிரிக்கவைப்பேன். ஸ்டீமர் போன பிறகுதான், அந்த மட்டுக்கு நாகரிகம் இருந்தது. சவரிமுத்து குதிக்காத இடம் வரும்போது குரலை ஏற்றி இறக்குவேன். சூப்பிரண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். திங்கட்கிழமை மத்தியானம் எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

ஒரு சித்திரை மாதம், "சார், ஒரே ஒரு தடவ வந்து பாருங்க, அப்புறம் மனுவே குடுக்க மாட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஆசையில்தான் போனேன், வேறு உயர்ந்த நோக்கம் கிடையாது. ஃபைபர் படகில் உட்காரவைத்து ஆற்றின் நடுவே கொண்டுபோனார். கருப்பு இரும்பு நன்றாக வெளியே தெரிந்தது. கால் வைக்கப் போனேன்.

"சார், செருப்பு!"

"என்ன?"

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க சார்."

சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு இரும்புமேல் வெறுங்காலோடு நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பரதநாட்டியமே ஆடினேன். சிதம்பரத்துக்காரன் என்பது அன்றைக்குத்தான் நிரூபணமானது. ஆடிய ஆட்டத்தில் ஒரு கால் வழுக்கி முட்டி வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. ஸ்டீமர் என்னை இழுத்து மேலே போட்டார். போட்டவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் துருப்பிடித்த ஒரு வட்ட ஓட்டையைக் காட்டினார்.

"இதான் சார் அடுப்பு வாய். இங்கதான் நின்னாரு."

அந்த ஓட்டை இடுப்புயரம்தான் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஆள் குனிந்து நிற்கத்தான் இடம். திரும்பி ஓட வழியே இல்லை. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே சேறும் நண்டும் இருந்தன. சிரிப்பு வரவில்லை. நடந்தது உண்மையோ பொய்யோ, அந்த இடத்தில் ஒரு ஆள் நின்று வேலை பார்த்திருக்கிறான் என்பது மட்டும் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் நான் அந்த மனுவைச் சத்தமாகப் படிக்கவில்லை. ஆனால் வாராவாரம் முழுக்கப் படித்தேன். அவரும் சொன்ன வாக்கைக் காற்றில் விட்டு அடுத்த திங்கட்கிழமையே க்யூவில் நின்றார்.

"மனுவே குடுக்க மாட்டேன்னீங்களே?"

"நீங்க பாத்துட்டீங்க சார். அதையும் சேத்து எழுதியிருக்கேன்" என்றார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எழுதக் கை கூசுகிற பகுதி.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம் மழை அடித்து ஊற்றியது. ஊரெல்லாம் வெள்ளம். ஆற்றையும் வாய்க்காலையும் அடைத்துக் கட்டியதால்தான் இந்தக் கதி என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி. நீர்நிலையில் எது நின்றாலும் உடனே தூக்கு என்று உத்தரவு. அந்த மார்கழியில் ஒரு திங்கட்கிழமை மனு மலைபோலக் குவிந்துவிட்டது. கூட்டம் தாங்காமல் வாட்ச்மேனே கேட்டில் மனுக்களை வாங்கி, கட்டுக் கட்டாக என் மேஜையில் கொண்டுவந்து போட்டார். மறுநாள் சிதம்பரத்தில் தேர். வீட்டில் மச்சினன் குடும்பம் வந்து இறங்கியாகிவிட்டது. "அஞ்சு மணி பஸ்ஸைப் புடிக்கலேன்னா ஊருக்குள்ளயே பஸ் வராதுங்க, தேங்கா வேற வாங்கணும்" என்று மனைவி மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

கடைசிக் கட்டில் பால்பாயிண்ட் புகைபோக்கி தெரிந்தது. ஓகோ, நம்ம ஸ்டீமர் என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பவில்லை. ஒன்பது வருஷமாகப் படித்ததுதானே என்று விட்டேன். அன்றைக்கு வந்த மனுவில் பாதி ஆற்றைப் பற்றியதுதான். அந்தக் கையோட்டத்திலேயே "நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றல்" என்ற வரியை அமுக்கி, நம்பர் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

தேர் பார்த்தேன். தேங்காய் உடைத்தேன்.

ஒன்பது வருஷம் ஒரு போர்டு நட நேரமில்லாத சர்க்காருக்கு, அந்தப் படகைத் தூக்க மூன்று வாரம்கூட ஆகவில்லை. பொக்லைனை மிதவையில் ஏற்றிக் கொண்டுவந்து, கேஸ் கட்டரால் துண்டு போட்டு, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் ஸ்டீமர் ஊரில் இல்லை. நாகப்பட்டினத்தில் ஒரு படகுக்கு எஞ்சின் இறக்கப் போயிருந்தார். அங்கே அவருடைய போனுக்கு ஒரு மெசேஜ் போயிருக்கிறது. "தங்கள் மனு ஏற்கப்பட்டு, நடவடிக்கை முடிக்கப்பட்டது."

மனுஷன் இறக்கிய எஞ்சினை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். முதுநகரில்கூட இறங்கவில்லை. நேரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய ஸ்வீட் பாக்ஸ்.

"சார்! ஏத்துக்கிட்டாங்க சார்! முடிச்சுட்டாங்களாம் சார்!"

செக்ஷனே எழுந்து நின்றுவிட்டது. வாட்ச்மேன் கை கொடுத்தார். சூப்பிரண்டு கட்டிப் பிடித்துக்கொண்டார். ஸ்டீமர் ஒவ்வொரு மேஜையாகப் போய் லட்டு கொடுத்தார். என்னிடம் வந்தபோது கொடுக்கவில்லை, தானே பிட்டு என் வாயில் ஊட்டினார்.

"எல்லாம் நீங்கதான் சார். நீங்க எந்தத் துறைக்குப் போட்டீங்களோ, கரெக்டா போட்டுட்டீங்க."

வாயில் லட்டோடு நான் கம்ப்யூட்டரில் அந்த நம்பரைத் தட்டினேன். அன்றைக்கு எதை அமுக்கினேன் என்பதுகூட ஞாபகமில்லை, போர்டு போட்டோ இருக்கும், அவருக்குக் காட்டலாம் என்றுதான். முதல் போட்டோவில் தண்ணீருக்கு மேலே தூக்கிய கருப்பு முதுகு இருந்தது. இரண்டாவதில் நெருப்புப்பொறி பறக்க ஒருவர் அதை அறுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் வெறும் ஆறுதான் இருந்தது. கீழே ஒரு வரி: "ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது."

"போர்டு எப்படி சார் இருக்கு? எங்க பூட்டன் பேரு போட்டுருக்காங்களா?"

ஸ்கிரீன் என் பக்கம் இருந்தது. திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. லட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"நீங்களே போய்ப் பாருங்க" என்றேன்.

"அதுவும் சரிதான், நேர்ல பாக்குற மாதிரி வருமா?" என்று சிரித்துக்கொண்டே போனார். மிச்ச லட்டை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினார். ஐம்பத்தைந்து வயசு ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டிருக்க வேண்டும். கூடவே போயிருக்க வேண்டும். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன், அதுதான் நான் செய்தது.

அடுத்த திங்கட்கிழமை க்யூவின் முதல் ஆளாக யாரோ ஒரு அம்மா நின்றார். அதற்கடுத்த திங்களும் ஸ்டீமர் இல்லை. "மணி எட்டாயிடுச்சா?" என்று வாட்ச்மேன் என்னைக் கேட்டார்.

ஒரு மாதம் கழித்து, இனித் தாங்காது, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று முதுநகரில் அவருடைய பட்டறைக்குப் போனேன். ஒரு எஞ்சினுக்கு அடியில் கிடந்தார். என் காலைப் பார்த்தே எழுந்து வந்தார். இளைத்துப் போயிருந்தார். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் என்று பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கியிருக்கிறார். அந்த அடுப்பு வாய் மட்டுமாவது கிடைக்குமா என்று தேடியிருக்கிறார். அதை உருக்கப் போயாச்சு என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்களாம்.

"ஸ்டீமர், நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் சொல்ல விடவில்லை.

"நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க சார். எனக்குத் தெரியும், அன்னைக்கு உங்க சீட்ல வேற யாரோ இருந்திருக்காங்க. மறுநாளு தேரு, நீங்க லீவுல போயிருப்பீங்க. ஒம்பது வருஷத்துல என் மனுவ முழுசா படிச்ச ஒரே ஆளு நீங்கதான். நீங்க இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

டீ சொன்னார். என் கையில் கிளாசைக் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்தார்.

"லீவுதான சார்?"

அந்த ஆளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அது சாக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

"ஆமாம், லீவு" என்றேன்.

ரிட்டயர் ஆன பிறகு திங்கட்கிழமை ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. பஸ் ஏறி முதுநகரில் இறங்கி அந்தப் பட்டறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் எஞ்சின் பார்ப்பார், நான் பேப்பர் படிப்பேன். படகைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. மீனைக்கூட முள் எடுத்துத்தான் எனக்குப் போடுகிறார்கள். 'சார்' போய், போன தீபாவளியிலிருந்து அவர் என்னை 'மச்சான்' என்று கூப்பிடுகிறார். கூடப் பிறந்தவன்கூட என்னை இவ்வளவு பிரியமாகக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எனக்கு அந்த லட்டு தொண்டையில் நிற்கிறது.

சவரிமுத்துவுக்குப் போர்டு வரவில்லை. வைக்கவும் இனி அங்கே ஒன்றுமில்லை. ஆகவே இதையெல்லாம் நான் இங்கே எழுதியிருக்கிறேன். இந்த இதழைத் திங்கட்கிழமை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். அவர் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை, கடைசி வரிவரைக்கும் படிப்பார். அதற்கப்புறம் மச்சான் என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் இஷ்டம்.

அன்னைக்கு நான் லீவுல இல்ல, மச்சான். சீட்லதான் இருந்தேன்.